வட்டப் பாதையில் எந்தப் பக்கம் ஏறுவது, எதுவரை போய்த் திரும்பலாம்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன், தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். மலையடியில் ஒரு கிராமம். அங்கிருந்து கிளம்பி, உச்சியைத் தொட்டு, மறுபக்கமாக இறங்கி அதே கிராமத்துக்கு வந்து சேரும் 14 கி.மீ. வட்டப் பாதை. உச்சி கிராமத்தைவிட 700 மீட்டர் உயரம். ஒரு பக்கம் 3 கி.மீ. செங்குத்தான பாறை வழி, இன்னொரு பக்கம் 11 கி.மீ. சாய்வான காட்டுப் பாதை. ஊர் முனைப் பலகையில் நான்கு மணி நேரம் என்று போட்டிருக்கிறது. போகிறவர்கள் நீங்கள், உங்கள் அக்கா, அவருடைய 11 வயது மகன். அக்காவுக்கு இறங்கும்போது முழங்கால் வலிக்கும். காலை பதினொரு மணிக்குக் கிளம்பினால் மாலை ஆறரைக்கு இருட்டுவதற்குள் வந்துவிடலாமா, எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று இரண்டு கேள்வி வைத்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் நீங்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது: நடுவழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் என்ன செய்வது? அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற இரண்டுக்கும் விடை தானாக வந்துவிடும்.

இருபது வருடத்துக்கு மேலாகச் சிறு குழுக்களை மலைக்கு அழைத்துப் போகிறேன். உங்கள் மலையை நான் பார்த்ததில்லை, அதனால் பாதையின் ஒவ்வொரு திருப்பத்தையும் பற்றி என்னால் பேச முடியாது. ஆனால் நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே நிறையச் சொல்லலாம்.

முதலில் அந்தப் பலகை. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் ஒரு எளிய கணக்கைச் சொன்னார், இன்றும் உலகம் முழுக்க அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. மெட்ரிக் அளவில் சொன்னால், 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். உங்கள் பாதைக்குப் போட்டுப் பாருங்கள்: 14 கி.மீ.க்கு 2 மணி 48 நிமிடம், 700 மீட்டருக்கு 1 மணி 10 நிமிடம், மொத்தம் 3 மணி 58 நிமிடம். பலகையில் இருப்பதும் அதே நான்கு மணிதான். அந்தக் கணக்கு நல்ல உடற்பயிற்சி உள்ள ஒருவர், நல்ல பாதையில், எங்கும் உட்காராமல் நடப்பதற்கானது. தண்ணீர் குடிக்க நிற்பது, பையனின் ஷூ நாடாவைக் கட்டிவிடுவது, பாறையில் கை வைத்து ஏறுவது எதுவும் அதில் இல்லை.

உங்கள் மூன்று பேரில் யார் மெதுவாக நடப்பாரோ அவருடைய வேகம்தான் குழுவின் வேகம். நான் உங்களுக்கு மணிக்கு 3.5 கி.மீ., ஏற்றத்துக்கு மணிக்கு 400 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். இது என் அனுபவத்தில் வந்த எண், விதி கிடையாது. ஆனால் குழந்தைகளோடு போகும்போது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான் வந்து நிற்கிறது. அப்படிப் போட்டால் நடைக்கு மட்டும் ஐந்தே முக்கால் மணி நேரம். மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு, நடுவில் சாப்பிட அரை மணி என்று சேர்த்தால் ஏழேகால் மணி நேரம் ஆகிவிடும். பதினொன்றுக்குக் கிளம்பினால் எல்லாம் சரியாக நடந்தால்கூட ஆறேகாலுக்குத்தான் ஊருக்குள் வருவீர்கள். ஒரு வழி தவறினால், ஒரு கால் சுளுக்கினால், இருட்டில் நடப்பீர்கள். காட்டுக்குள் சூரியன் மறைவதற்கு முன்பே வெளிச்சம் போய்விடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனவே பதினொரு மணி வேண்டாம். ஏழு மணிக்குக் கால் எடுத்து வைத்தால் இரண்டேகாலுக்கு வந்துவிடலாம், கையில் நான்கு மணி நேரம் மிச்சம் இருக்கும். காலையில் கிளம்பச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. வெயில் ஏற ஏற மலை மேல் மேகம் திரள்கிறது, இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும், அந்த நேரத்தில் உச்சியிலோ மொட்டை முகட்டிலோ இருக்கக் கூடாது.

இப்போது எந்தப் பக்கம் என்ற கேள்வி. போன வழியே திரும்பும் நடையில் திரும்பும் இடத்தைக் கண்டுபிடிப்பது சுலபம்; கையிலிருக்கும் நேரத்தில் பாதி தீர்ந்ததும் திரும்பிவிடலாம். வட்டப் பாதையில் அது நடக்காது. ஓர் இடம் வரைக்கும் வந்த வழியே திரும்புவது சீக்கிரம், அதைத் தாண்டிவிட்டால் முன்னால் போய் முடிப்பதுதான் சீக்கிரம். அந்த இடத்தைத் திரும்பா இடம் என்று நான் சொல்வேன். 14 கி.மீ. வட்டம் என்றால் அது ஏழாவது கி.மீ.யில் இருக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள், அங்கேதான் ஏமாந்துபோகிறோம்.

செங்குத்துப் பக்கம் ஏறினால் 3 கி.மீ.யிலேயே உச்சி. அங்கிருந்து சாய்வான பக்கம் இறங்க ஆரம்பித்த பிறகு திரும்ப நினைத்தால், இறங்கியதை மறுபடி ஏறி, அப்புறம் செங்குத்தான பாறையில் இறங்க வேண்டும். உங்கள் வேகத்தில், பாறை இறக்கம் அதைவிட மெதுவாகத்தான் போகும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டேன்: உச்சியைத் தாண்டி 2 கி.மீ. சொச்சத்தில், அதாவது மொத்தத்தில் ஐந்தாவது கி.மீ. பக்கத்திலேயே, திரும்பா இடம் வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு என்ன ஆனாலும் முன்னால் நடப்பதுதான் குறுகிய வழி. எதிர்ப் பக்கமாக, சாய்வில் ஏறிச் செங்குத்தில் இறங்கினால், அதே கணக்கு ஒன்பதாவது கி.மீ. பக்கம் வருகிறது. அவ்வளவு தூரம் வரைக்கும் வந்த வழியே சுகமாகத் திரும்பலாம், கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒன்பதாவது கி.மீ.யை அடைய உங்களுக்கு ஓய்வில்லாமலே நான்கு மணி நேரம் ஆகும். நான்கு மணி நேரம் நடந்து களைத்தவர்களில் யாரும் திரும்ப ஒப்புக்கொள்வதில்லை, உச்சி அதோ தெரிகிறதே என்பார்கள். நான் பார்த்த அளவில் இது மாறியதே இல்லை. ஏறுவார்கள், ஏறி முடித்ததும் மிச்சம் இருப்பது பாதையிலேயே கடினமான 3 கி.மீ., அதுவும் இறக்கம்.

இறக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் அக்காவின் முழங்கால்தான் இங்கே தீர்மானிக்கிற விஷயம். ஏறும்போது மூச்சு வாங்கும், இதயம் அடித்துக்கொள்ளும், நின்றால் சரியாகிவிடும். இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை நீண்டுகொண்டே உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துகிறது. அப்படி வேலை செய்யும் தசையில் நுண்ணிய சேதம் அதிகம், அதனால்தான் வலி அன்றைக்கு வராமல் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் வருகிறது. தசை களைத்ததும் பாரம் மூட்டின் மேல் இறங்குகிறது, படி அதிகமாக இருக்கும் இடத்தில் முழங்கால் நடுங்க ஆரம்பிக்கும். ஆறு வருடம் முன்பு நான் ஒரு குழுவைச் சாய்வில் ஏற்றிச் செங்குத்தில் இறக்கினேன். காலையில் கிளம்பும்போது அந்தப் பக்கம் நிழலாக இருந்தது, அது ஒன்றுதான் காரணம். இறங்க ஆரம்பித்த அரை மணியில் ஒருவருக்கு முழங்கால் மடங்கவே மறுத்துவிட்டது. 3 கி.மீ.யை ஒவ்வொரு பாறையாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்க மூன்று மணி நேரம் பிடித்தது, கடைசி ஒரு மணி டார்ச் வெளிச்சத்தில். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த பயம் எனக்கு இன்னும் மறக்கவில்லை, அதற்குக் காரணம் நான் காலையில் எடுத்த முடிவு.

அதனால் என் பதில்: செங்குத்தில் ஏறுங்கள், சாய்வில் இறங்குங்கள். காலையில் கால் புதிதாக இருக்கும்போது, குளிர்ச்சியான நேரத்தில், கடினமான பகுதி முடிந்துவிடும். பாறையில் ஏறுவது இறங்குவதைவிடப் பத்திரம், கை எங்கே வைப்பது கால் எங்கே வைப்பது என்று கண் முன்னால் தெரியும். மழை பெய்து பாறை ஈரமாக இருந்தால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகும். ஏதாவது தாமதமாகி இருட்டினாலும் நீங்கள் இருப்பது அகலமான காட்டுப் பாதையில், டார்ச் வைத்து நடந்துவிடலாம். 11 கி.மீ.யில் 700 மீட்டர் என்பது கி.மீ.க்கு 64 மீட்டர்தான், முழங்காலுக்கு அது பெரிய தண்டனை இல்லை. செங்குத்துப் பக்கம் கி.மீ.க்கு 233 மீட்டர், கிட்டத்தட்ட நான்கு மடங்கு.

ஆனால் இந்தத் திசையில் ஒரு நிபந்தனை இருக்கிறது, இதைத் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திரும்பும் முடிவை உச்சியில் போய் எடுக்கக் கூடாது, ஏற்றத்தின் பாதியிலேயே எடுத்துவிட வேண்டும். உச்சிக்குப் போய்விட்டால் உங்கள் முன்னால் 11 கி.மீ. நீள நடை, பின்னால் 700 மீட்டர் பாறை இறக்கம், இரண்டும் களைத்தவருக்குக் கஷ்டம். கிராமத்திலிருந்து 350 மீட்டர் உயரத்தில் ஓர் அடையாளத்தை வரைபடத்தில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு பெரிய பாறையோ, மரங்கள் முடியும் இடமோ, பாதை ஒரு சிறு சமதளத்துக்கு வரும் இடமோ, எதுவானாலும் சரி. ஏழு மணிக்குக் கிளம்பினால் எட்டரை மணிவாக்கில் அங்கே இருக்க வேண்டும். ஒன்பதாகியும் போய்ச் சேரவில்லை என்றால், அல்லது அக்காவுக்கு ஏறும்போதே வலிக்கிறது என்றால், அங்கேயே திரும்பிவிடுங்கள். இதை முந்தின நாள் இரவே மூன்று பேரும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும், பையனும்தான். மலையில் நின்றுகொண்டு பேச ஆரம்பித்தால் ஆசைதான் பேசும்.

முழங்காலைப் பற்றி நான் சொல்லக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு, நான் மருத்துவன் கிடையாது. வீக்கமோ, மூட்டு பூட்டிக்கொள்வதோ, கால் திடீரென்று மடங்கி விழுவதோ இருந்தால் இந்த நடையை நினைப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் இறக்க வலி என்றால் இரண்டு விஷயம் உதவும். ஒன்று, இரண்டு கைக்கும் ஊன்றுகோல். இறக்கத்தில் அது முழங்காலுக்குப் போகும் பாரத்தைக் குறைக்கிறது என்பது அளந்து பார்த்த விஷயம். ஆனால் பாறையில் கை தேவைப்படும் ஏற்றத்தில் அதை மடக்கிப் பையில் கட்டிவிடுங்கள். இன்னொன்று, போவதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்பு ஒரு நாள் நல்ல இறக்கத்திலோ மாடிப்படியிலோ அரை மணி இறங்கிப் பழகுவது. ஒரே ஒரு தடவை அப்படிச் செய்தாலும் தசை அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த சில வாரங்களுக்குக் குறைவாகவே சேதமாகிறது. முழங்கால் உறை, களிம்பு இவையெல்லாம் உதவுமா என்று கேட்டால், சிலருக்கு உதவியதைப் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் எண்களிலும் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 700 மீட்டர் என்பது கிராமத்துக்கும் உச்சிக்கும் உள்ள வித்தியாசமா, வழி முழுக்க ஏறும் மொத்த உயரமா? காட்டுப் பாதை நடுவில் இறங்கி ஏறி இறங்கி ஏறிப் போனால் மொத்தம் 700-ஐத் தாண்டிவிடும். கிளம்பிய இடத்துக்கே வருவதால் ஏறியதும் இறங்கியதும் கடைசியில் சமமாகத்தான் இருக்கும், ஆனால் எவ்வளவு என்பதை வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளை எண்ணித்தான் கண்டுபிடிக்க முடியும். மொபைல் செயலி காட்டும் மொத்த ஏற்றத்தை நான் அப்படியே நம்புவதில்லை, ஜிபிஎஸ் உயரம் துள்ளிக்கொண்டே இருப்பதால் அது பல நேரம் கூட்டிக் காட்டும். தூரத்தில் பயம் வேறு மாதிரி. வரைபடம் காட்டுவது மட்டத் தூரம், சரிவில் நடக்கும்போது அது நிறையக் கூடும் என்று சிலர் நினைப்பார்கள், 3 கி.மீ.யில் 700 மீட்டர் ஏறினாலும் அதனால் கூடுவது 80 மீட்டர்தான். உண்மையில் தூரத்தைக் கூட்டுவது வரைபடத்தில் நேர்கோடாகப் போட்டுவிட்ட கொண்டை ஊசி வளைவுகள்.

வட்டப் பாதையின் இன்னொரு குணம், கடைசி வரை நீங்கள் பார்க்காத இடத்திலேயே நடக்கிறீர்கள். போன வழியே வரும்போது ஒவ்வொரு பிரிவும் ஏற்கெனவே பார்த்ததாக இருக்கும். இங்கே உச்சிதான் வழி தவறுவதற்கு முதல் இடம்: மூச்சு வாங்கி, உட்கார்ந்து, படம் எடுத்து, எழுந்து நன்றாகத் தேய்ந்திருக்கும் ஏதோ ஒரு தடத்தில் பேச்சு சுவாரசியத்தில் இறங்க ஆரம்பித்துவிடுவோம். மூடுபனி இருந்தால் நேர் எதிர்த் திசையில்கூட இறங்கியவர்கள் உண்டு. உச்சியிலிருந்து எந்தத் திசையில் கிளம்ப வேண்டும் என்பதை வீட்டிலேயே வரைபடத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள், எழுந்ததும் திசைகாட்டியில் சரிபாருங்கள், பத்து நிமிடம் நடந்த பிறகு மறுபடி பாருங்கள். வரைபடத்தை மொபைலில் முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் இடத்தைக் காட்டும், ஃபிளைட் மோடில் போட்டால் பேட்டரியும் தாங்கும். ஆனாலும் காகிதத்தில் ஒரு பிரதி வேண்டும்.

வழி தவறிவிட்டது என்று தோன்றினால் நில்லுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடத்துக்குத் திரும்புங்கள். நேராக நடந்துகொண்டே இருந்தால் எங்காவது வெளியே வந்துவிடலாம் என்ற எண்ணம் வரும், அதை நம்பாதீர்கள். 2009-இல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆராய்ச்சி நிறுவன ஆய்வாளர்கள் ஆட்களை ஜெர்மன் காட்டிலும் சகாரா பாலைவனத்திலும் நேராக நடக்கச் சொல்லி ஜிபிஎஸ் வைத்துப் பார்த்தார்கள். சூரியன் தெரிந்தவரை ஓரளவு நேராகப் போனவர்கள், மேகம் மறைத்ததும் தங்களுக்கே தெரியாமல் வட்டமடித்துத் தங்கள் தடத்தையே வெட்டினார்கள். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்று சொல்லப்படும் காரணம் பொருந்தவில்லை. எது நேர் என்ற உணர்வில் சிறு சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போவதுதான் காரணம் என்பது அவர்கள் முடிவு. ஓடையைப் பிடித்து இறங்கினால் ஊர் வரும் என்பதும் மலையில் ஆபத்தான யோசனை, ஓடை அருவியாக விழும் இடத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சுமையைப் பற்றிச் சுருக்கமாக: ஆளுக்கு ஒரு டார்ச், பகலில் முடித்துவிடுவோம் என்று நினைத்தாலும் வேண்டும். ஒரு விசில். உதவி கேட்க ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, திரும்ப ஊதுவது ஆல்ப்ஸ் மலையிலிருந்து வந்த பழைய வழக்கம். நிமிடத்துக்கு மூன்று ஊதல் வந்தால் பதில் வந்துவிட்டது என்று அர்த்தம். உயரம் ஏற ஏற ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி குறையும், எனவே உச்சியில் கிராமத்தைவிட நான்கைந்து டிகிரி குளிராக இருக்கும், காற்றும் சேர்ந்தால் வியர்த்த உடம்புக்கு அது நிறையத் தெரியும். காற்றைத் தடுக்கும் ஒரு மேல்சட்டை போதும். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொண்டு, வழியில் கிடைக்காது என்றே கணக்குப் போடுங்கள்.

கிராமத்தில் யாரிடமாவது எந்தப் பக்கமாகப் போகிறோம், எத்தனை மணிக்குள் வருவோம் என்று சொல்லிவிட்டுப் போங்கள், வந்ததும் மறக்காமல் அவரைப் பார்த்துச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் ஆகும் என்று மட்டும் அவர்களிடம் கேட்காதீர்கள், அவர்கள் சொல்வது அவர்கள் காலுக்கான நேரம், அதில் பொய் எதுவும் இல்லை ஆனால் உங்களுக்கு உதவாது. அதற்குப் பதிலாக, பாதை எங்காவது சரிந்திருக்கிறதா, எந்தப் பிரிவில் வெளியூர்க்காரர்கள் தவறிப் போகிறார்கள், காட்டுப் பாதை ஓடையைக் கடக்கிறதா என்று கேளுங்கள்.

அந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில் என் யோசனையையே புரட்டிப் போடலாம். சாய்வான பக்கம் ஊருக்குச் சற்று முன்னால் பாலமில்லாத ஓர் ஓடை இருந்து, மேலே பெய்த மழையில் அது பிற்பகலில் பெருகிவிட்டால், 13 கி.மீ. நடந்து வந்த பிறகு ஊர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் அக்கரையில் நிற்பீர்கள். முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரில் குழந்தையோடு இறங்கவே கூடாது, வடியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். எனவே முந்தின நாள் மாலையே கிராமத்துக்குப் போய்விட முடிந்தால், அந்தக் காட்டுப் பாதையில் ஒரு கி.மீ. நடந்து ஓடை இருக்கிறதா, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஓடை இருந்து வானமும் கறுத்திருந்தால் அந்த நாளில் சுற்றவே வேண்டாம், செங்குத்துப் பக்கத்தில் அந்த 350 மீட்டர் அடையாளம் வரை ஏறி, காலை வேளையிலேயே வந்த வழியாக இறங்கிவிடுங்கள். போய் வந்த பிறகு நேரக் கணக்கு எப்படி இருந்தது என்று எழுதினால் எனக்கும் உதவும், 11 வயதுக் குழந்தையோடு போகிற அடுத்தவருக்குச் சொல்ல ஒரு நல்ல எண் கிடைக்கும்.